கண்ணாடித் தொட்டியில் கண்டல் வளர்த்தவர்களும் கரையில் சாதாளை அள்ளியவர்களும்

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. தேத்தண்ணியை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

தரம் 10 பிள்ளை ஒருவர் கனடாவில் இருக்கும் மாமாவின் வீட்டுப் படமொன்றைக் காட்டினார். உப்புத்தண்ணி மீன்தொட்டி, அதில் நிறம் நிறமாகப் பவளமும் மீனும். அதோடு குழாயால் இணைத்த இன்னொரு சின்னத் தொட்டியில் மீன் இல்லை. அரையடி மண், கொஞ்சம் கடற்புல், நாலு கண்டல் கன்று, மேலே ஒரு விளக்கு. “சேர், மாமா இதுக்கு லைற் போட்டு, ஒவ்வொரு நாளும் இலைக்குத் தண்ணி தெளிச்சு வளர்க்கிறார். எங்கட மண்டைதீவில இது சும்மா நிக்குதே?” என்று கேட்டார். நாற்பது நிமிடப் பாடத்தில் பதில் சொல்லி முடிக்க இயலவில்லை. அதனால்தான் இந்தப் பதிவு.

அந்தச் சின்னத் தொட்டிக்கு ரெஃபியூஜியம் என்று பெயர். இலத்தீன் சொல், பொருள் புகலிடம். அகதியைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் அதே வேர்தான். பெரிய தொட்டியில் மீன்களுக்கு இரையாகிவிடக்கூடிய கூனி போன்ற சிற்றுயிர்கள் அங்கே ஒதுங்கிப் பெருகும் என்பதால் அப்படி அழைக்கிறார்கள். அதற்கு இன்னொரு வேலையும் உண்டு. மீன் தின்னும், கழிக்கும். கழிவிலிருந்து அமோனியா வரும். ஒருவகைப் பற்றீரியா அதை நைத்திரைற்று ஆக்கும், இன்னொரு வகை அதை நைத்திரேற்று ஆக்கும். அதோடு பற்றீரியாவின் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும், நைத்திரேற்று தண்ணீரிலேயே தேங்கும். அதை உறிஞ்சித் தன் உடலாக்கிக்கொள்ளப் பச்சைத் தாவரம் வேண்டும். பக்கத்துத் தொட்டியில் புல்லும் பாசியும் நிற்பது அதற்காகத்தான்.

இங்கே ஒரு விசயத்தைக் கவனியுங்கள், கடைசிவரை தேவைப்படும். செடி உறிஞ்சினால் மட்டும் தண்ணீர் சுத்தமாகிவிடாது. வளர்ந்த செடியை ஆள் ஒருவர் அவ்வப்போது வெட்டி வெளியே எடுக்கவேண்டும். விட்டால் அது அழுகும், உறிஞ்சியது முழுவதும் திரும்பத் தண்ணீருக்கே போகும்.

மனிதர் இதைக் கண்டுபிடித்த கதை 1846இல் இங்கிலாந்தில் தொடங்குகிறது. அனா தின் என்ற பெண்மணி டோர்க்கி என்ற கடற்கரை ஊருக்குப் போய், உயிருள்ள பவள இனம் சிலவற்றை ஒரு சாடியில் போட்டு லண்டனுக்குக் கொண்டுவந்தார். கணவர் வெஸ்ற்மின்ஸ்ரர் தேவாலயத்தில் பெரிய பதவியில் இருந்த பாதிரியார். கடல்நீரைக் கரையிலிருந்து தருவிக்கவேண்டும். அதில் காற்று ஏறுவதற்காக வீட்டு வேலைக்காரப் பெண் திறந்த யன்னலோரம் நின்று, ஒரு பாத்திரத்திலிருந்து மற்றதற்கு அரை மணி, முக்கால் மணி நேரம் ஊற்றி ஊற்றி ஆற்றினாள். நாங்கள் தேத்தண்ணி ஆற்றுவோமே, அதே மாதிரித்தான். அந்தப் பெண்ணின் பெயரை யாரும் எழுதிவைக்கவில்லை. அடுத்த ஆண்டு அனா தின் கடற்பாசியையும் தொட்டியில் சேர்த்தார். பாசி வெளிச்சத்தில் ஒட்சிசன் தந்தது, தொட்டி நிலைத்தது. ஆனால் அவருடைய குறிப்பு 1859இல்தான் அச்சில் வந்தது. அதற்குள் ரொபேர்ட் வாரிங்டன் என்ற இரசாயனவியலாளர், தங்கமீனும் வலிஸ்னேரியாப் புல்லும் நத்தையும் சேர்ந்து தண்ணீரைச் சமநிலையில் வைத்திருக்கும் என்று 1850இல் எழுதிப் பெயர் வாங்கிவிட்டார். 1853இல் லண்டன் மிருகக்காட்சிசாலையில் மீன்மாளிகை திறந்தது. 1854இல் பிலிப் ஹென்றி கொஸ் புத்தகம் எழுத, ‘அக்குவேரியம்’ என்ற சொல் வீடுவீடாகப் பரவியது.

ஆக, முதல் தொட்டிகளிலேயே தாவரம் இருந்தது. பிறகு வந்த நூறு ஆண்டுகளில் பம்பியும் வடிகட்டியும் இரசாயனமும் வந்து அதை ஓரமாக்கின. மறுபடியும் நினைவூட்டியவர் ஐரோப்பியர் இல்லை, ஜகார்த்தாவில் இருந்த சீன வம்சாவளிக்காரர் லீ சின் எங். நல்ல கடல்நீர், உயிர்கள் ஒட்டியிருக்கும் கடற்பாறை, வெயில், கொஞ்சம் காற்றுக் குமிழி: இவ்வளவு போதும், வடிகட்டி தேவையில்லை என்று 1961இல் அமெரிக்க மீன்வளர்ப்புச் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். அந்த நேரம் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்கள் குறைவு. கடலோரத்தில் வாழ்கிறவன் கண்ணால் பார்த்துச் சொன்னதை நம்ப, ஆய்வுகூடக்காரர் ஒருவர் வந்து சொல்லவேண்டியிருந்தது.

அவர் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வோல்டர் ஏடி. கரீபியன் பவளப்பாறைகளை ஆராய்ந்தவர். பாறைமேல் கம்பளம் போலப் படரும் குட்டைப் பாசிதான் அங்கே தண்ணீரைக் கட்டிக்காக்கிறது என்று கண்டு, அந்தப் பாசியைத் தனித்தட்டில் வளர்த்துச் சுரண்டி எடுக்கும் முறையை உருவாக்கினார். அந்த முறையில் இயங்கிய பவளத்தொட்டி 1980இல் அவருடைய அருங்காட்சியகத்தில் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. 1991 செப்ரெம்பரில் அரிசோனாப் பாலைவனத்தில் எட்டுப் பேரை உள்ளே வைத்து இரண்டு ஆண்டுகளுக்கு மூடினார்களே, பயோஸ்பியர் 2 என்ற கண்ணாடி மாளிகை, அதற்குள்ளும் ஒரு சிறு கடலும், புளோரிடாவிலிருந்து கொண்டுவந்த கண்டல் சதுப்பும் இருந்தன.

இலங்கையில் கடலுயிரைத் தொட்டியில் வைத்துப் பார்த்த கதையும் பழையதுதான். எட்வேர்ட் பிரடெரிக் கெலார்ட் 1819இல் இந்த மண்ணில் பிறந்த மருத்துவர். முத்துச்சிப்பி ஏன் சில ஆண்டுகளில் வருகிறது, சில ஆண்டுகளில் மாயமாகிறது என்று அறிய அரசாங்கம் 1857இல் அவரை நியமித்தது. முத்துக்குளிப்பு என்றால் மன்னார்க் கடலும் கீழக்கரை முஸ்லிம் சுழியோடிகளும் நினைவுக்கு வரும், ஆனால் அவருடைய ஆராய்ச்சி நடந்தது திருகோணமலையில். சிப்பிகளைத் தொட்டியில் உயிரோடு வைத்துப் பார்த்தார். ஒட்டியிருக்கும் நார்களைத் தானே அறுத்துக்கொண்டு சிப்பி இடம்பெயரும் என்பதை அப்படித்தான் கண்டார். வேலை முடியுமுன் 1860இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் இறந்துபோனார்.

கடற்புல்லைத் தொட்டியோடு சேர்த்து யோசிக்கவைத்த இடம் நீரிணைக்கு அக்கரையில் இருக்கிறது: மண்டபம் முகாம். தேயிலைத் தோட்டத்துக்கு வந்த கூலித் தொழிலாளரைத் தடுத்துவைத்து மருத்துவச் சோதனை செய்த இடம் அது. பின்னாளில் எங்கள் நாட்டு அகதிகள் ஆயிரக்கணக்கில் போய் இறங்கியதும் அங்கேதான். இரண்டுக்கும் நடுவில், 1947இல் தொடங்கிய இந்திய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அங்கே குடியேறியது. 1959 முதல் ஏறத்தாழ 11 ஆண்டுகள் ஒரு சோடி ஆவுளியாக்களை அங்கே தொட்டியில் உயிரோடு வைத்திருந்தார்கள். ஆவுளியா என்றால் கடற்பசு. 1560இல் மன்னாரில் ஏழு கடற்கன்னிகள் வலையில் பட்டதாகவும், கோவாவிலிருந்த ஒரு மருத்துவர் அறுத்துப் பார்த்து உள்ளே எல்லாம் மனிதரைப் போலவே இருக்கிறது என்று சொன்னதாகவும் ஜேசு சபையார் எழுதிவைத்த கதையை எமர்சன் ரெனன்ற் தன் புத்தகத்தில் சொல்கிறார். அந்தக் கன்னிகளும் இந்த ஆவுளியாதான்.

வளர்ந்த ஆவுளியா ஒன்று நாளொன்றுக்கு 30 கிலோவுக்கு மேல் கடற்புல் தின்னும். அதைத் தொட்டியில் வளர்த்துக் கொடுக்க யாராலும் இயலாது. தினமும் கடலிலிருந்து அறுத்து வந்து போடவேண்டும். கடற்புல் பாசி அல்ல. நெல்லைப் போல வேரும் கிழங்குத்தண்டும் பூவும் உள்ள தாவரம், தண்ணீருக்குள்ளேயே பூத்துக் காய்க்கும். ஆழமான மண்ணும் நிறைய வெளிச்சமும் கேட்கும், நட்டதும் பல வாரம் ஒன்றும் செய்யாமல் நிற்கும். வீட்டுத் தொட்டியில் முயன்றவர்கள் பலர் இலை அழுகிப்போனதைப் பார்த்துவிட்டுப் பாசிக்கே திரும்பினார்கள். கண்டல் வளரும், பார்க்க வடிவாகவும் இருக்கும். ஆனால் நாலு கன்று உறிஞ்சும் நைத்திரேற்று ஒரு கைப்பிடிப் பாசி உறிஞ்சுவதற்கும் காணாது. என்னைக் கேட்டால், தொட்டியில் கண்டல் ஒரு அலங்காரம், வேலைக்காரன் பாசிதான். கனடா மாமா கோபிக்கக்கூடாது.

கரையில் கதை வேறு. அங்கே கண்டல் ஒற்றைக் கன்று அல்ல, காடு. வேர்களுக்கிடையில் சேறு படிகிறது, காற்றில்லாத அந்தச் சேற்றில் வாழும் பற்றீரியாக்கள் நைத்திரேற்றை வாயுவாக்கி வானத்துக்கே அனுப்பிவிடுகின்றன. வேரிடுக்கில் இறால் குஞ்சும் மீன் குஞ்சும் ஒதுங்குகின்றன. புகலிடம் என்ற சொல்லுக்கு முழுப் பொருள் அங்கேதான்.

அதை வெட்டினால் என்ன நடக்கும் என்பதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, பார்த்தேன். 1990 ஒக்டோபரில் சோனகதெருவிலிருந்து நாங்கள் வெளியேறியபோது எனக்கு ஏழு வயது. வடக்கின் முஸ்லிம்கள் 70,000க்கு மேல் அந்த நாட்களில் இடம்பெயர்ந்தோம், பெரும்பகுதி புத்தளத்தில் போய் இறங்கியது. நான் வளர்ந்தது களப்போரத்துக் கிடுகுக் கொட்டிலில். அந்தக் காலம் சிலாபத்திலிருந்து புத்தளம்வரை இறால் பண்ணை பொன்காய்ச்சி மரமாக இருந்தது. 1980களில் தொடங்கி, 90களின் முற்பாதியில் உச்சத்துக்குப் போனது. கண்டலை வெட்டி, சதுப்பைத் தோண்டி, சதுரம் சதுரமாகக் குளம். வாப்பா சில காலம் ஒரு பண்ணையில் இரவுக் காவலுக்குப் போனார்.

அந்தக் குளங்களை இப்போது யோசித்துப் பார்க்கிறேன். ஒவ்வொன்றும் ஒரு பெரிய மீன்தொட்டி. அளவுக்கு மிஞ்சிய இறால், அளவுக்கு மிஞ்சிய தீன், அதற்கேற்ற கழிவு. அதைச் சுத்தமாக்க நின்ற காட்டை வெட்டித்தான் குளமே தோண்டினார்கள். அதைவிட மோசம், ஒருவர் கழிவுத்தண்ணீரை விட்ட அதே ஒல்லாந்தர் கால்வாயிலும் களப்பிலும் இருந்துதான் அடுத்தவர் புதுத்தண்ணீர் இறைத்தார். 1996இல் வெண்புள்ளி நோய் வந்தது. வைரசு நோய், இறாலின் ஓட்டில் வெள்ளைப் புள்ளி தெரிந்தால் சில நாட்களில் குளம் முழுவதும் சாகும். பொதுத் தண்ணீர் அதைக் குளம் குளமாகக் கொண்டுபோனது. கைவிடப்பட்ட குளங்கள் வருடக்கணக்கில் உப்புப் பூத்துக் கிடந்தன. கண்டலும் தானாகத் திரும்பி வரவில்லை, ஏனென்றால் வரம்பு கட்டி அலைநீர் வந்துபோகும் வழியையே அடைத்துவிட்டார்கள்.

2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு கண்டல் நடுவது நாடு முழுவதும் ஒரு திருவிழா மாதிரி ஆனது. பதாகை பிடித்துப் படம் எடுத்தார்கள். இலங்கை ஆய்வாளர்கள் 23 இடங்களுக்குப் போய்ப் பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். 9 இடங்களில் ஒரு கன்றுகூட உயிரோடு இல்லை. 1,000 ஹெக்டேயருக்கு மேல் நட்டதில் 200 ஹெக்டேயரளவே தேறியது. அலை எவ்வளவு நேரம் மூடும், எவ்வளவு உப்பு, எந்த இனம் என்று பாராமல் நட்டதும், நட்டபின் கவனிக்காமல் விட்டதும்தான் காரணம். வெண்கண்டல் இலையால் உப்பைக் கக்கும், மற்றக் கண்டல் வேரிலேயே உப்பைத் தடுக்கும். இரண்டும் நிற்கும் மட்டம் வேறு வேறு. இந்த வித்தியாசம் தொட்டிக்காரருக்குத் தெரிகிறது, ஏனென்றால் கன்று செத்தால் அவருடைய காசு போகும். ஆனால் 2015இல் தன் கண்டல் முழுவதையும் பாதுகாப்பதாக அறிவித்த முதல் நாடு இலங்கை என்பதையும் சொல்லவேண்டும். மார்ச் 1ஐ உலகக் கடற்புல் தினமாக்கும் தீர்மானத்தை 2022இல் ஐ.நா.வில் முன்வைத்ததும் நாங்கள்தான். அதே ஆண்டு தமிழ்நாடு பாக்கு விரிகுடாவில் 448 சதுர கிலோமீற்றரை ஆவுளியாக் காப்பகமாக அறிவித்தது. காகிதத்திலாவது வந்திருக்கிறது.

இனி எங்கள் ஊர். “சேர், கொக்குவிலில கடலே இல்லையே, எங்களுக்கு ஏன் இது?” என்று கேட்பீர்கள். வில் என்றால் குளம். கொக்குவில், இணுவில், கோண்டாவில் எல்லாம் நீர்நிலையில் பிறந்த பெயர்கள். ஆறில்லாத எங்கள் குடாநாட்டுக்குக் கீழே சுண்ணாம்புக்கல் இருக்கிறது. பெய்த மழை அதன் வெடிப்புகளால் இறங்கி, கிணற்றில் ஊறி, மிச்சம் கடலை நோக்கி நகரும். கீரிமலையில் கடலை ஒட்டி நல்ல தண்ணீர் ஊறுவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. வயலுக்கும் தோட்டத்துக்கும் போட்ட யூரியாவில் பயிர் எடுக்காததும், மலசலகூடக் குழியில் ஊறுவதும் அதே வழியில்தான் இறங்குகின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. குடாநாட்டுத் தோட்டக் கிணறுகள் பலவற்றில் அது தாண்டியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் சொல்லிவருகின்றன. அந்தத் தண்ணீரில் பால்மா கரைத்துக் கொடுத்தால் கைக்குழந்தையின் இரத்தம் ஒட்சிசனைச் சுமக்கும் வலுவை இழக்கும், பிள்ளை நீலம் பாரிக்கும். கொதிக்கவைத்தாலும் நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்றச் செறிவு கூடத்தான் செய்யும். பவளம் வளர்ப்பவர் தன் தொட்டியில் 10ஐத் தாண்டினாலே பதறுகிறார். நாங்கள் குடிக்கிற கிணற்றை அளந்து பார்க்காமல் இருக்கிறோம்.

முன்னர் என்ன செய்தார்கள்? தீவுப்பகுதித் தோட்டக்காரர் கரையொதுங்கிய சாதாளையை அள்ளி வந்து, மழையில் உப்புக் கழுவவிட்டு, மண்ணுக்குப் பசளையாகத் தாழ்த்ததை முதியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். சாதாளை என்பது இந்தக் கடற்புல்தான். அவர்கள் செய்ததை ரெஃபியூஜியக் கண்ணால் பாருங்கள். தோட்டத்தில் இருந்து கழுவுண்ட சத்து நிலத்தடியால் கடனீரேரிக்குப் போகிறது, கடற்புல் அதை உறிஞ்சி வளர்கிறது, காற்றுக்காலத்தில் இலை கழன்று கரைக்கு வருகிறது, மனிதர் அதை அள்ளித் திரும்பத் தோட்டத்துக்கே கொண்டுபோகிறார். வெட்டி வெளியே எடுக்கவேண்டும் என்று மேலே சொன்னேனே, ஏடி பாசித்தட்டைச் சுரண்டியதும் இவர்கள் சாதாளை அள்ளியதும் ஒரே வேலை. விலை குறைந்த யூரியா பை வந்ததும் அது விடுபட்டது. 2021இல் இரசாயன உரத்துக்குத் தடை வந்து ஊரே சேதனப் பசளையைப் பற்றிப் பேசிய அந்தச் சில மாதங்களிலும் சாதாளை என்ற சொல் என் காதில் விழவில்லை. கண்டல் பட்டையை அவித்து வலைக்குச் சாயம் ஏற்றுவது நைலோன் வந்ததும் மறைந்த மாதிரி, இதுவும் சத்தமில்லாமல் போய்விட்டது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். கரையொதுங்கியதை அள்ளுவது வேறு, கடலுக்குள் நிற்கும் புல்லை வேரோடு கிழிப்பது வேறு. அடிமட்டத்தை வாரிக்கொண்டு போகும் இழுவைமடி இரண்டாவதைச் செய்கிறது. புல் இருந்த இடம் வெறும் மணலானால் திரும்பப் படர வருடங்கள் எடுக்கும், சில இடத்தில் படரவே படராது. கடலட்டை வாழ்வதும் அந்தப் புல்லில்தான் என்பதால், கடனீரேரியில் அட்டைப் பண்ணைக்கு வேலி அடைப்பதைப் பற்றிய இப்போதைய வாக்குவாதத்திலும் புல்லுக்கு என்ன ஆகும் என்பதை முதல் கேள்வியாக வைக்கவேண்டும் என்பது என் எண்ணம். புத்தளத்தில் இறாலுக்கு யாரும் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

எங்கள் பிள்ளைகள் அடுத்த தவணையில் அயலிலுள்ள கிணறுகளின் நைத்திரேற்றைச் சோதனைப் பட்டியால் அளந்து ஒரு வரைபடம் கீற இருக்கிறார்கள். கொக்குவில், தாவடி, கோண்டாவில் பக்கம் கிணறு திறந்துவிட விருப்பமானவர்கள் எனக்குத் தகவல் அனுப்புங்கள். வேலணை, புங்குடுதீவு, நெடுந்தீவு உறவுகளிடம் இன்னொரு வேண்டுகோள். உங்கள் அப்பு, ஆச்சி சாதாளை அள்ளியவர்களாக இருந்தால், எந்தக் கரையில், எந்த மாதத்தில், எந்தப் பயிருக்கு, எத்தனை நாள் மழையில் விட்டபின் போட்டார்கள் என்று கேட்டுக் கீழே எழுதுங்கள். எழுத நேரமில்லாவிட்டால் அவர்களைப் பேசவிட்டுக் குரல்பதிவாக அனுப்பினாலும் போதும், நான் எழுதிக்கொள்கிறேன்.